கிருமிக்கு ஏது புத்தி?



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன், தலைப்பு கோழிச் சீக்கு என்று சொன்னதும் பக்கத்து பெஞ்ச் நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குக் கோழியப் பத்தி என்னடா பேச்சு? கால்நடைக் காலேஜுக்குப் போயிருக்கலாமே!" என்றான். அவன் சிரித்ததில் தப்பில்லை. ஆனால் கோழி விற்ற காசில்தான் நான் இந்தப் பாலிடெக்னிக் வாசலை மிதித்தேன் என்பது அவனுக்குத் தெரியாது. அந்தக் காசில் ஒரு குற்றமும் கலந்திருக்கிறது என்பது எனக்கே இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் பல்லடம் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா வீட்டைச் சுற்றி நாட்டுக்கோழி வளர்க்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நான் பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பங்குனி மாதம் அம்மாவிடம் 34 கோழிகள் இருந்தன. பாலிடெக்னிக் ஃபீஸுக்கு அவற்றைத்தான் நம்பியிருந்தோம். ஒரு நாள் காலையில் இரண்டு கோழி இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கி விழுந்தன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன. மறுநாள் இரண்டும் செத்துப் போயின. மூன்றாம் நாள் ஐந்து. ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை பின்னால் திரும்பிவிட்டது. அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டார். கண்ணு பட்டுருச்சு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். அப்புறம் ராத்திரி என்னிடம் சொன்னார்:

"இருக்கறதையாச்சும் வித்துப் போடலாங்கண்ணு. நாளைக்கு இதுகளும் போயிருச்சுன்னா உனக்குப் பணத்துக்கு எங்கெ போறது?"

பார்க்க நன்றாக இருந்த 19 கோழிகளைக் காலைக் கட்டி, நானும் அம்மாவும் வாரச் சந்தைக்குக் கொண்டுபோனோம். மத்தியானத்துக்குள் விற்றுவிட்டோம். மூன்று வாரம் கழித்துப் பக்கத்து ஊர்ப் பெரியம்மா ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். அம்மாவிடம் சந்தையில் இரண்டு பெட்டைக் கோழி வாங்கியவர் அவர். "பதினஞ்சு உருப்படியும் போச்சு புள்ள. யாரு கண்ணு பட்டுதோ!" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தார். யார் கண்ணும் படவில்லை, எங்கள் கூடையிலிருந்துதான் போயிருக்கும் என்று எனக்கு அன்று தெரியாது. இன்று தெரிகிறது.

பட்டறை இல்லாத டிராயிங்

அந்த நோய்க்கு நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்று பெயர். கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். வெளிநாட்டில் நியூகாசில் நோய் என்று பெயர். 1926-ல் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தின் துறைமுக நகரமான நியூகாசிலிலும் இது அடையாளம் காணப்பட்டது. 1927-ல் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட்டில் தென்பட்டது. ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி தயாரிக்கும் இடங்களில் ஒன்று நமது ராணிப்பேட்டை! அங்குள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932-லிருந்து இயங்கி வருகிறது. பெயர்ப் பொருத்தம் அப்படி!

இந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். சரி, வைரஸ் என்றால் என்ன? நமக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். கோவையில் ஃபவுண்டரிக்கும் பட்டறைக்கும் பஞ்சமில்லை. ஒருவரிடம் ஒரு பம்ப் பாகத்தின் டிராயிங் மட்டும் இருக்கிறது. லேத் இல்லை, கரண்ட் இல்லை, ஆள் இல்லை. அந்த டிராயிங் ஒரு கவருக்குள் பத்திரமாக இருக்கிறது. அது தானாக ஒரு பட்டறைக்குள் நுழைந்து, அங்குள்ள மிஷினையும் ஆளையும் வைத்துத் தன்னையே ஆயிரக்கணக்கில் நகல் எடுத்துக்கொண்டு வெளியேறினால் எப்படி இருக்கும்? அதுதான் வைரஸ். டிராயிங் என்பது அதன் மரபணு. கவர் என்பது புரத உறை. பட்டறை என்பது நம் செல், அல்லது கோழியின் செல். அப்படி இடம் கொடுக்கும் உயிரைப் பாடப்புத்தகத்தில் 'ஓம்புயிர்' என்கிறார்கள். பெற்ற பிள்ளையைப் போல ஓம்பி வளர்க்கிறதாம், பாவம்!

1892-ல் ரஷ்யாவின் இவானோவ்ஸ்கி, நோய் கண்ட புகையிலைச் சாற்றை பாக்டீரியாவே புக முடியாத வடிகட்டியில் வடித்தார். வடித்த சாறும் நோயைப் பரப்பியது. 1898-ல் ஹாலந்தின் பெய்ஜெரிங்க், இது பாக்டீரியாவிலிருந்து மாறுபட்ட புது வகைத் தொற்று என்று சொல்லி அதற்கு வைரஸ் என்ற பெயரைப் பயன்படுத்தினார். லத்தீனில் அதற்கு விஷம் என்று பொருள். 1935-ல் அமெரிக்காவின் ஸ்டான்லி அதை உப்பைப் போலப் படிகமாகவே எடுத்துக் காட்டினார். படிகமாகப் பாட்டிலில் கிடக்கும்போது அது உயிரற்ற பொருள் மாதிரி. இலையில் தடவினால் மறுபடி பெருகும்!

இது எங்கிருந்து வந்தது? விஞ்ஞானிகள் மூன்று வழி சொல்கிறார்கள். செல்லுக்குள் இருந்த மரபணுத் துண்டு ஒன்று கட்டறுத்துக்கொண்டு வெளியே ஓடி வைரஸ் ஆகியிருக்கலாம். அல்லது ஒரு காலத்தில் முழு உயிராக இருந்த ஒன்று, அடுத்தவன் வீட்டிலேயே ஒட்டிப் பிழைத்துப் பிழைத்து ஒவ்வொரு பாகமாக இழந்து இப்படிச் சுருங்கியிருக்கலாம். அல்லது செல் என்பதே தோன்றுவதற்கு முன்னால், தன்னைத் தானே நகல் எடுத்த மூலக்கூறுகளின் வாரிசாக இருக்கலாம். எல்லா வைரஸுக்கும் ஒரே பூர்வீகம் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

இன்னொன்று கேளுங்கள். மனித மரபணுத் தொகுப்பில் சுமார் 8 சதவீதம், என்றோ நம் முன்னோர் உடம்பில் புகுந்து தங்கிவிட்ட ரெட்ரோ வைரஸ்களின் மிச்சம். அப்படி வந்த ஒரு மரபணு, சின்சிட்டின் என்ற புரதத்தைச் செய்து, தாயின் கருப்பையில் நஞ்சுக்கொடி உருவாக உதவுகிறது. விஷம் என்று பெயர் வைத்த ஒன்றின் மிச்சம், நாம் பிறக்கவே துணை செய்திருக்கிறது. ஆக, வைரஸ் என்றாலே எதிரி என்று பேசுவதும் பாதி உண்மைதான்.

ரிஜெக்ட் பீஸும் ஒரு நாள் பொருந்தும்

"வைரஸ் ரொம்பத் தந்திரசாலி, மருந்துக்குத் தகுந்த மாதிரி தன்னை மாத்திக்குது" என்று பலரும் சொல்வார்கள். கொரோனா காலத்தில் இதை எத்தனை முறை கேட்டிருப்போம்! இது சுத்தத் தவறு நண்பர்களே. வைரஸுக்கு மூளையும் இல்லை, திட்டமும் இல்லை. அதற்கு இருப்பது இரண்டே விஷயம். ஒன்று, நகல் எடுக்கும்போது வரும் பிழை. இரண்டு, எண்ணிக்கை.

வெள்ளைக்கழிச்சல் வைரஸின் டிராயிங் ஆர்.என்.ஏ. என்ற இழையில் சுமார் 15,000 எழுத்துகளால் ஆனது. அதை நகல் எடுக்கும் நொதிக்கு, எழுதியதைத் திருப்பிச் சரிபார்க்கும் பழக்கம் கிடையாது. குவாலிட்டி செக்கிங் இல்லாத கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி ஆர்.என்.ஏ. வைரஸ்களில் பத்தாயிரம் எழுத்துக்கு ஒன்று முதல் பத்து லட்சம் எழுத்துக்கு ஒன்று வரை தப்பு விழும். பெரும்பாலான தப்பு வீண்தான், ரிஜெக்ட் பீஸ். ஆனால் ஒரு கோழி உடம்பில் கோடிக்கணக்கில் நகல் ஓடும்போது, ஏதோ ஒரு தப்பு தற்செயலாக நன்றாகப் பொருந்திவிடும். பொருந்தியது அதிகம் பெருகும். பெருகியதுதான் அடுத்த கோழிக்குப் போகும். இதற்குத்தான் இயற்கைத் தேர்வு என்று பெயர். பரீட்சையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு லட்சம் பேர் டிக் அடித்தால் யாராவது ஒருத்தன் பாஸாகத்தான் செய்வான். அவனைப் புத்திசாலி என்பீர்களா?

எத்தனை எழுத்து மாறினால் ஆபத்து? ஆஸ்திரேலியாவில் பல வருஷமாகக் கோழிகளை அதிகம் துன்பப்படுத்தாத ஒரு சாது நியூகாசில் வைரஸ் உலவி வந்தது. 1998-ல் அங்கே கோழிகளைக் கொல்லும் வகை திடீரென்று கிளம்பியது. வெளிநாட்டிலிருந்து வந்ததா என்று ஆராய்ந்தார்கள். இல்லை, அந்த உள்ளூர்ச் சாதுதான் மாறியிருந்தது. முக்கியமான ஒரு இடத்தில் மாறியது இரண்டே எழுத்து!

அது என்ன இடம்? இந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய, அதன் உறையில் இருக்கும் ஒரு புரதத்தைக் கோழியின் நொதி ஒன்று வெட்டிவிட வேண்டும். வெட்டினால்தான் கதவு திறக்கும். சாது வைரஸை வெட்டும் நொதி கோழியின் குடலிலும் மூச்சுக்குழாயிலும்தான் உண்டு. ஒரு சில பட்டறையில் மட்டும் இருக்கும் ஸ்பெஷல் டூல் மாதிரி. அதனால் வைரஸ் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், கோழி லேசாகச் சளி பிடித்துப் பிழைத்துவிடும். அந்த எழுத்துகள் மாறினால், எந்தப் பட்டறையிலும் கிடக்கும் சாதா ஸ்பேனரே போதும் என்றாகிவிடுகிறது. மூளை, நுரையீரல், மண்ணீரல் என்று எல்லா உறுப்பிலும் புகுந்துவிடும். எங்கள் கோழியின் கழுத்து முறுக்கியது ஏன் என்று இப்போது புரிகிறதா? வைரஸ் நரம்பு மண்டலத்தைத் தொட்டுவிட்டது. பறவைக் காய்ச்சல் வைரஸ் கொடூரமாவதும் கிட்டத்தட்ட இதே விதத்தில்தான்.

சாதுவாகுமா, கொடூரமாகுமா?

"கிருமி நாளாக நாளாகச் சாதுவாயிரும், வீட்டுக்காரனையே கொன்னா அது எங்கே குடியிருக்கும்?" என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நியாயமாக இருக்கிறது. இதற்கு ஆதாரமாகச் சொல்லும் கதையும் ஆஸ்திரேலியாவிலிருந்துதான். முயல் தொல்லை தாங்காமல் 1950-ல் அங்கே மிக்ஸோமா என்ற வைரஸைப் பரப்பினார்கள். தென் அமெரிக்க முயலுக்கு அது சாதாரணக் கட்டி. இந்தப் புது ஓம்புயிரான ஐரோப்பிய முயலையோ நூற்றுக்கு 99-க்கு மேல் கொன்றது. ஆனால் சில வருஷத்திலேயே அவ்வளவு கொல்லாத வகைகள் மேலோங்கின என்று ஃபிராங்க் ஃபென்னர் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். சீக்கிரம் செத்த முயலைக் கொசு கடிக்க நேரமில்லை. நோயோடு சில வாரம் உயிரோடு கிடந்த முயலிடமிருந்துதான் கொசு வைரஸை அதிகம் எடுத்துச் சென்றது. முயல் இனமும் மெல்ல எதிர்ப்புச் சக்தி பெற்றது.

ஆனால் இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது, அதுவும் நம் கோழியிடமே! மாரெக் நோய் என்று ஒன்று. 1970 வாக்கில் அதற்குத் தடுப்பூசி வந்தது. அது கோழியைச் சாகாமல் காத்தது, ஆனால் வைரஸ் உடம்பில் தங்கிப் பரவுவதை முழுசாகத் தடுக்கவில்லை. அடுத்து வந்த வருஷங்களில் அந்த வைரஸ் மேலும் மேலும் கொடூரமானது. 2015-ல் ஆண்ட்ரூ ரீட் என்பவரின் குழு சோதனை செய்து காட்டியது: மிகக் கொடூரமான வகை, ஊசி போடாத கோழியைச் சீக்கிரமே கொன்றுவிடுவதால் அதிகம் பரவ முடிவதில்லை. ஊசி போட்ட கோழியோ உயிரோடு இருந்து அதைப் பரப்புகிறது.

அப்படியானால் ஊசியே வேண்டாமா என்று கேட்காதீர்கள்! ஊசி போட்ட கோழி பிழைத்தது, போடாத கோழிதான் செத்தது. ஊசி போட்டால் போதும், மற்ற சுத்தம் வேண்டாம் என்ற நினைப்புதான் தவறு.

இந்த இரண்டு கதையிலும் ஒரே பாடம்தான் எனக்குத் தெரிகிறது. கிருமி சாதுவாவதும் கொடூரமாவதும் அதன் குணத்தில் மட்டும் இல்லை. அது ஒரு உடம்பிலிருந்து அடுத்த உடம்புக்குப் போகும் வழி எப்படி இருக்கிறதோ, அதைப் பொறுத்தது.

வழி திறந்து வைத்தது யார்?

இப்போது எங்கள் சந்தைக்கு வாருங்கள். ஒரு தோட்டத்து வீட்டில் முப்பது கோழி. அங்கே கொடிய வைரஸ் புகுந்து ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் கொன்றுவிட்டால் அதன் கதையும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பட்டறை எல்லாம் மூடிவிட்டால் டிராயிங்குக்கு என்ன வேலை? ஆனால் நாம் என்ன செய்கிறோம்? முதல் கோழி தூங்கியதுமே மீதியைக் கூடையில் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகிறோம். நோய் வெளியே தெரிய பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும். அதற்குள் அந்தக் கோழி பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய்விடும். அங்கே புதுசாக முப்பது கோழி காத்திருக்கிறது. வேகமாகக் கொல்கிற வைரஸ் தன் வேகத்தாலேயே தோற்க வேண்டியது. நாம்தான் டிக்கெட் எடுத்து அதை ஜெயிக்க வைக்கிறோம். நாம் செய்வது விற்பனை மட்டுமில்லை, ஒரு விதத்தில் தேர்வும் கூட!

பல்லடம் பிராய்லருக்கும் நாமக்கல் முட்டைக்கும் பேர் போன மண் நம்முடையது. ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழி இருக்கும் இடத்தில் இந்த வைரஸ் புகுந்தால் என்ன ஆகும் என்று பண்ணைக்காரர்களுக்குத் தெரியும். அதனால் அவர்கள் ஊசியும் போடுகிறார்கள், வாசலில் கிருமிநாசினித் தொட்டியும் வைக்கிறார்கள். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால் வாளையார் சோதனைச் சாவடியில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிக்கிறார்கள். ஆனால் நம் வாரச் சந்தைக்கு ஒரு சாவடியும் இல்லை. அங்கே சாவடி நம் மனசாட்சிதான்.

"ஏனப்பா, படிச்சவன் பேச்சு பேசற. இருக்கிற கோழியும் செத்தா ஏழை என்ன பண்ணுவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் அம்மாவும் அதைத்தான் கேட்டார். செத்த நாட்டுக்கோழிக்கு நஷ்ட ஈடு எங்கள் தெருவில் யாரும் வாங்கியதில்லை. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் மட்டும் யாருக்காகவும் தள்ளிப் போவதில்லை. அதனால் விற்றவரைத் திட்டுவதற்கு நான் இதை எழுதவில்லை. விற்கும் நிலைமையே வராமல் செய்ய முடியும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். தும்பை விட்டு வாலைப் பிடிப்பதில் என்ன பயன்?

நாம் செய்யக்கூடியது

வெள்ளைக்கழிச்சல் வந்த பிறகு அதை ஒழிக்க மருந்து கிடையாது. வருமுன் தடுக்க ஊசி உண்டு. குஞ்சாக இருக்கும்போது முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வார வாக்கில் இறக்கைக்கு அடியில் ஊசி. நம் மாநிலக் கால்நடைத் துறை பிப்ரவரி மாதத்தில் இதற்கென்றே முகாம் நடத்துகிறது. பிறகு ஏன் எங்கள் ஊரில் போடவில்லை? காரணம் சின்னது. ஊசி மருந்து சாதாரணமாக 100 கோழிக்கு என்று ஒரே குப்பியில் வருகிறது. ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கிற ஒரு வீட்டுக்கு அது ஒத்து வராது. பத்து வீடு சேர்ந்தால் ஒத்து வரும்!

அந்தப் பத்து வீட்டைச் சேர்ப்பதுதான் நம் வேலை. நம்மில் பாதிப் பேர் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேதி கேட்க நமக்கு வாய் இருக்கிறது. நோட்டீஸைப் படித்துச் சொல்லத் தெரியும். தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு எடுத்து வரத் தெரியும். என்.எஸ்.எஸ். முகாமில் ரோடு கூட்டுவதோடு இதையும் சேர்த்துக்கொண்டால் என்ன?

அத்தோடு சில பழக்கம். புதுசாக வாங்கிய கோழியை இரண்டு மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும். செத்ததைக் குப்பையிலும் வாய்க்காலிலும் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். சீக்கு வந்த வீட்டிலிருந்து ஒரு கோழியும் சந்தைக்குப் போகக் கூடாது.

போன தை மாதம் எங்கள் தெருவில் பதினோரு வீட்டில் கேட்டேன். ஒன்பது வீடு ஒத்துக்கொண்டார்கள். இரண்டு வீட்டில், "ஊசி போட்டா முட்டை நின்னு போயிருமாமா, வேண்டாஞ் சாமி" என்றார்கள். அடுத்த முறை அவர்களிடமும் கேட்பேன்.

இதை எழுதும் முன் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எழுது சாமி. நம்ம பண்ணுனது நாலு பேருக்குத் தெரிஞ்சா, நாலு பேரு பண்ணாம இருப்பாங்க" என்றார். அந்தப் பெரியம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. இந்த மலர் கைக்கு வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அம்மாவோடு போய் நானே படித்துக் காட்டப் போகிறேன். ஊசி போட்ட இரண்டு பெட்டைக் கோழியையும் கொண்டுபோவதாக இருக்கிறோம். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கிருமிக்குப் புத்தி கிடையாது நண்பர்களே. அது பிழை செய்துகொண்டே போகும், பொருந்தியது தங்கும். புத்தி இருப்பது நமக்குத்தான். சந்தைக்குப் போகும் கூடையை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டு யோசிக்க நம்மால் மட்டும்தான் முடியும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு